அவையேறும் புதுவிதி

நுழையும்முன்

பேசும் மொழியில் புதுச்சொல் எப்போது நுழைந்தது என்று எவராலும் நாள் குறித்துச் சொல்ல இயலாது. கணினிக்கு ஆணையிடும் மொழியில் நுழையும் ஒவ்வொரு புதுவிதிக்கும் நாள் உண்டு, முன்மொழிந்தவர் உண்டு, மறுத்தவரும் உண்டு. அத்தகைய மொழிக்குள் எதனைச் சேர்ப்பது, எதனைத் தவிர்ப்பது என்னும் முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குமரகோட்டத்தில் எழுந்த வினா

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் இடையில் குமரகோட்டம் அமைந்துள்ளது. அக்கோயிலின் அருச்சகராகிய கச்சியப்ப சிவாசாரியார், தாம் இயற்றிய கந்தபுராணத்தை அங்கேயே அரங்கேற்றினார் என்பது மரபு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அப்பெருநூலின் தொடக்கச் சொல்லிலேயே தடை எழுந்ததாம். 'திகழ்' என்பதையும் 'தசம்' என்பதையும் புணர்த்தி, 'திகடசம்' எனக் கவிஞர் அமைத்திருந்தார். ழகர மெய்யும் தகரமும் சேர்ந்து டகரமாகத் திரிவதற்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லையே என்று அவையிலிருந்த புலவர் ஒருவர் வினவினார். அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒரு புலவர், வீரசோழியத்தின் சந்திப் படலத்தில் அப்புணர்ச்சிக்கு இடமிருப்பதை எடுத்துக்காட்டியபின் அவை அமைதியுற்றது. வந்தவர் முருகப்பெருமானே என்பது அடியார்களின் நம்பிக்கை.

இது வரலாற்றுச் செய்தியா, பிற்காலத்தார் புனைந்த கதையா என்னும் ஆய்வு இங்குத் தேவையில்லை. கதையில் இடம்பெறும் அவையின் நடைமுறையே கருதத்தக்கது. அச்சொல் இனிமையாக உள்ளதா என்று புலவர் வினவவில்லை; அதற்கு விதி உண்டா என்றே வினவினார். பாடியவர் பெருமைக்குரியவர் என்பது விடையாக ஏற்கப்படவில்லை. இறுதியில் சான்றாக வந்த வீரசோழியமோ தொல்காப்பியத்திற்கு நெடுங்காலம் பிந்தியது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரரால் இயற்றப்பட்டது. பழைய இலக்கணம் கூறாத ஒன்றைப் புதிய இலக்கணம் கூறியிருந்தது. அவை அதனை ஏற்றது.

இன்று உலகின் பல நகரங்களில் இத்தகைய அவைகள் கூடுகின்றன. அவற்றில் அமர்வோர் புலவர்கள் அல்லர், நிரலாளர்கள். அவர்கள் வழக்காடும் மொழிகள் சி++, பைத்தான் போன்ற நிரலாக்க மொழிகள். தமிழ்நாட்டில் கணினி அறிவியல் பயிலும் மாணவர் பதினோராம் வகுப்பில் முன்னதையும் பன்னிரண்டாம் வகுப்பில் பின்னதையும் கற்கின்றனர். பாடநூலில் அவர்கள் காணும் ஒவ்வொரு சிறப்புச்சொல்லும் ஒவ்வொரு செயற்குறியும் எங்கோ ஓர் அவையில் வினாவுக்கு உள்ளாகி வந்தவையே.

இலக்கணம் முந்திப் பிறக்கும் மொழி

இயல்மொழியில் வழக்கு முந்தியது; இலக்கணம் பிந்தியது. மக்கள் பேசுவதைக் கண்டு இலக்கணியர் விதி வகுத்தனர். விதிக்கு அடங்காத சொற்களை மரூஉ என்றும் புறனடை என்றும் கூறி அரவணைத்துக்கொண்டனர். பிழையாகப் பேசினாலும் கேட்பவர் குறிப்பறிந்து பொருள் கொள்வர்.

நிரலாக்க மொழியில் இம்முறை தலைகீழாகிறது. அங்கு இலக்கணமே முந்தியது. இலக்கணத்தில் எழுதப்படாத தொடரை நிரல்பெயர்ப்பி ஏற்பதில்லை. ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினும் பிழை என்று நிறுத்திவிடும். எனவே வழக்கின் வழியாகப் புதுவிதி மெல்லக் கசிந்து உள்ளே வர வாய்ப்பில்லை. யாரேனும் ஒருவர் வேண்டும் என்று கேட்க, வேறு சிலர் ஆம் அல்லது இல்லை என்று கூறியாக வேண்டும்.

கேட்போர் எண்ணிக்கை எப்போதும் மிகுதி. ஒவ்வொரு நிரலாளரும் தாம் நாள்தோறும் ஐந்து வரிகளில் எழுதுவதை ஒரே வரியில் எழுத ஒரு குறி இருந்தால் நன்றாக இருக்குமே என்று விரும்புகிறார். அவ்விருப்பம் தவறன்று. அவருக்கு அக்குறியால் வரும் நன்மை உடனே கண்ணுக்குத் தெரிகிறது. அதன் விலையோ வேறிடத்தில், வேறொருவர்மீது, பல ஆண்டுகளுக்குப் பின் விழுகிறது. அவ்விலையை அறியக் காஞ்சிபுரத்துத் தறியையே முதலில் காணலாம்.

தறியின்மேல் ஏறிய பெட்டி

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு எனப்படும். குறுக்கே நாடாவில் ஓடும் நூல் ஊடை எனப்படும். எந்தப் பாவிழைகள் மேலே எழ, எவை கீழே தங்க, ஊடை அவற்றினூடே செல்கிறது என்பதே புடைவையின் கொடியையும் அன்னத்தையும் மயிலையும் தீர்மானிக்கிறது. முற்காலத்தில் காஞ்சித் தறிகளில் 'அடை' எனப்படும் நூற்கட்டுகளை வரிசை தவறாமல் தூக்கி இவ்வுருவங்களை அமைத்தனர். நெசவாளருக்கு அருகில் துணையாள் ஒருவர் அமர்ந்து நாள் முழுதும் அப்பணியைச் செய்ய வேண்டியிருந்தது.

பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சார்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் காப்புரிமை பெற்ற கருவி அவ்வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் பாவிழை எழும். துளை இல்லாத இடத்தில் தங்கும். நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கோத்துச் சுழலவிட்டால் ஒரு முழு உருவம் நெய்யப்படும். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறிக்கு இந்த அட்டைகளையே ஆணை வழங்கும் கருவியாகக் கொண்டார். அப்பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. எனினும் 1843இல் அதனைப் பற்றிக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதோடு அப்பொறி இயற்கணித வடிவங்களை நெய்வதை ஒப்பிட்டார். நிரலாக்கத்தின் தொடக்கத்தைத் தேடுவோர் தறியின் முன் வந்து நிற்பது இதனால்தான்.

20ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு பெட்டி காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலும் ஏறியது. அங்கு அது எதனை மாற்றியது, எதனை மாற்றாமல் விட்டது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அடை தூக்கும் பணியை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் காஞ்சிப் பட்டின் அடையாளமாகிய கோர்வையை அது தொடவில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் எனத் தனித்தனி ஊடைகளை மூன்று நாடாக்களால் செலுத்தி, உடலும் கரையும் கூடுமிடத்தில் நூலோடு நூலைக் கோக்கும் அம்முறை முன்போலவே இருவர் கைகளைக் கொண்டு நடைபெற்றது. பழையதைக் குலைக்காமல் பக்கத்தில் அமர்ந்துகொண்டதே அப்புதுக்கருவி ஏற்கப்பட்டதற்கு ஒரு காரணம் எனலாம்.

இருப்பினும் அது விலையின்றி வந்துவிடவில்லை. பெட்டியைத் தாங்கக் கூரைக்கு உயரம் வேண்டியிருந்தது. உருவத்தைக் கட்டத்தாளில் வரைந்து அட்டை வெட்டுவோரின் தனித்தொழில் ஒன்று உருவாயிற்று. நெசவாளர் தாமே நினைத்தவுடன் உருவத்தை மாற்றிவிட இயலாமல், அட்டைக்காகக் காத்திருக்க நேர்ந்தது. தறியின் ஒரு மூலையில் சேர்த்த ஒன்று வீட்டின் அமைப்பையும் ஊரின் தொழிற்பிரிவையும் தொட்டது.

பாவிழைக்கு ஓர் இயல்பு உண்டு. ஊடையில் ஓர் இழை தவறானால் அவ்விடத்தில் பிரித்து மீண்டும் செலுத்தலாம். பாவில் சேர்த்த இழையோ புடைவையின் முதல் முழத்திலிருந்து கடைசி முழம்வரை ஒவ்வோர் ஊடையையும் சந்திக்கும்; இடையில் உருவினால் துணி முழுதும் அதன் தடம் நிற்கும். ஒரு நிரலாளர் எழுதும் நிரல் ஊடை போன்றது. மொழியில் சேர்க்கப்படும் விதி பாவிழை போன்றது.

கூட்டலின் விலை

ஒரு மொழியில் 20 கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் 190 இணைகள் கிடைக்கும். இருபத்தொன்றாவது கூறு சேரும்போது இணைகள் 210 ஆகின்றன. சேர்ந்தது ஒன்று, ஆராய வேண்டிய புதுச் சந்திப்புகள் இருபது. அந்த ஒவ்வொரு சந்திப்பிலும் மொழி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று யாரேனும் சிந்தித்து எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்ட சந்திப்பில்தான் பின்னாளில் பிழை தங்கும்.

இவ்விடரைச் சுட்ட, சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரப் 2018இல் அம்மொழியின் தரப்படுத்தும் குழுவுக்கு எழுதிய மடலில் ஒரு கப்பலை நினைவூட்டினார். வாசா என்னும் அச்சுவீடன் போர்க்கப்பல் பீரங்கிகளையும் மேற்கட்டுமானத்தையும் அளவுக்கு மீறிச் சுமந்திருந்தது. 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் தன் முதற்பயணத்திலேயே சாய்ந்து மூழ்கியது. குழுவின் முன் வந்திருந்த முன்மொழிவுகளுள் பல தனித்தனியே நல்லவை. அவை அனைத்தும் ஒருங்கே ஏறினால் கப்பல் தாங்குமா என்பதே அவர் வினா. ஒவ்வொரு பீரங்கியையும் தனியே எடை போட்டவர்களுக்கு இவ்வினா எழுவதில்லை.

புதுவிதிக்குப் பெயர் சூட்டுவதிலும் சிக்கல் உண்டு. ஒரு சொல்லை மொழி தனக்குரிய சிறப்புச்சொல்லாக ஆக்கிக்கொண்டால், அதுவரை அச்சொல்லை மாறியின் பெயராக வைத்திருந்த நிரல்கள் அனைத்தும் மறுநாள் முதல் பிழையாகிவிடும். சி++ மொழியின் 2020ஆம் ஆண்டுத் தரத்தில், ஒரு செயற்கூறு இடையில் நின்று மதிப்பொன்றைத் தந்துவிட்டுப் பின் தொடர்வதற்கான வசதி சேர்ந்தது. அதற்குப் பிற மொழிகளில் 'யீல்டு' என்று பெயர். அவ்வாங்கிலச் சொல்லுக்கு விளைச்சல் என்றும் முதலீட்டின் வருவாய் என்றும் பொருள் உண்டு. வேளாண்மைக்கும் நிதித்துறைக்கும் எழுதப்பட்ட நிரல்களில் அச்சொல் ஏற்கெனவே மாறிகளின் பெயராக விளங்கியது. அதனால் முன்னொட்டும் அடிக்கோடும் சேர்த்துக் 'கோ_யீல்டு' என்று சற்று அழகு குறைந்த பெயரே வைக்கப்பட்டது. அழகைவிட, எங்கோ ஒரு வங்கியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் நின்றுவிடாமை முதன்மையாயிற்று.

சேர்த்தபின் அகற்றுதல் எத்துணை அரிது என்பதற்கு அதே மொழியில் வேறொரு சான்று உண்டு. 1998ஆம் ஆண்டுத் தரத்தில், வார்ப்புருக்களைத் தனிக்கோப்புகளில் வைத்துக்கொள்ள 'எக்ஸ்போர்ட்' என்னும் வசதி இடம்பெற்றது. எழுத்தில் எளிதாகத் தோன்றிய அதனைச் செயற்படுத்துவது மிகக் கடினம் என்பது பின்னரே தெரிந்தது. பெரும்பாலான நிரல்பெயர்ப்பிகள் அதனை ஏற்கவே இல்லை. ஏறத்தாழ எவரும் பயன்படுத்தாத அந்த வசதியை நீக்குவதற்கும் 2011ஆம் ஆண்டுத் தரம்வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சொல்லைமட்டும் குழு விட்டுவிடாமல் ஒதுக்கி வைத்தது. 2020இல் வேறொரு பணிக்கு அதே சொல் பயன்பட்டது.

பலரும் பயன்படுத்துவதை மாற்றினால் நேரும் துன்பம் இதனினும் பெரிது. 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3, முந்தைய பதிப்பின் சில அமைப்புகளைத் துணிந்து மாற்றியது. திரையில் எழுத்தைக் காட்டும் 'பிரின்ட்' ஒரு கூற்றாக இருந்தது. அது செயற்கூறாக மாறியதால் அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. பழைய நிரல்கள் புதிய பதிப்பில் ஓடவில்லை. உலகெங்கும் உள்ளோர் தம் நிரல்களைத் திருத்தி முடிக்கும்வரை இரு பதிப்புகளும் அருகருகே வாழ்ந்தன. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளில்தான் முடிவுற்றது. சில அடைப்புக்குறிகளையும் எழுத்துமுறையையும் சீர்செய்ய ஒரு மொழி கொடுத்த காலம் 11 ஆண்டுகளுக்கு மேல்.

இவை அனைத்தையும்விடப் பெரிய விலையொன்று உண்டு. அது கணக்கில் வருவதே இல்லை. நிரல் ஒருமுறை எழுதப்படுகிறது, பலமுறை படிக்கப்படுகிறது. ஒரு மொழிக்கூறு தமக்கு வேண்டாம் என்று கருதும் நிரலாளர் அதனை எழுதாமல் இருக்கலாம். பிறர் எழுதியதைப் படிக்காமல் இருக்க இயலாது. புதிதாகக் கற்க வரும் மாணவருக்குப் பாடநூலில் ஓர் இயல் கூடுகிறது. அம்மாணவர் எந்த அவையிலும் வாக்களிக்க இருந்ததில்லை.

அவையும் முடிவும்

சி++ மொழிக்குப் பன்னாட்டுத் தர நிறுவனத்தின்கீழ் ஒரு குழு உண்டு. அண்மைக்காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அது புதிய தரத்தை வெளியிட்டு வருகிறது. பைத்தானின் வழி வேறு. கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் தொடங்கி 1991இல் வெளியிட்ட அம்மொழியில், இறுதிச்சொல் நெடுங்காலம் அவருடையதாகவே இருந்தது. எனினும் 2000ஆம் ஆண்டு முதல் ஒரு நடைமுறை வகுக்கப்பட்டது. புதுக்கூறு வேண்டுவோர் 'பெப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேம்பாட்டு முன்மொழிவொன்றை எழுத வேண்டும். என்ன தேவை, இப்போதுள்ள வழி ஏன் போதவில்லை, பழைய நிரல்களுக்கு என்ன நேரும், வேறு எந்த வடிவங்கள் எண்ணிப் பார்க்கப்பட்டன என்பவை அதில் இடம்பெறும். ஏற்கப்பட்டவற்றைப் போலவே மறுக்கப்பட்டவையும் காரணத்தோடு காக்கப்படுகின்றன. அவையில் தோற்ற வாதத்தையும் ஏட்டில் வைத்திருப்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. ஐந்தாண்டு கழித்து அதே விருப்பத்தோடு வருபவர் முதலில் அதனைப் படித்தாக வேண்டும்.

பதினோராம் வகுப்பு மாணவர் சி++ மொழியில் கற்கும் 'ஸ்விட்ச்' கூற்றின் கதை இதற்குத் தக்க சான்று. பைத்தானில் அத்தகைய கூற்று இல்லை என்னும் குறை தொடக்கம் முதலே பேசப்பட்டது. 2006இல் வான் ரோசமே அதற்கொரு முன்மொழிவை எழுதினார். 2007இல் ஒரு மாநாட்டில் கூடியிருந்தோரிடம் அவர் கைதூக்கச் சொல்லிக் கேட்டபோது போதிய ஆதரவு கிட்டவில்லை. மொழியை உருவாக்கியவரே எழுதிய முன்மொழிவு மறுக்கப்பட்டது. 2021 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.10இல்தான் 'மேட்ச்' என்னும் கூற்று இடம்பெற்றது. அது பழைய 'ஸ்விட்ச்' அன்று. தரவின் அமைப்பையே பொருத்திப் பார்க்கும் ஆற்றல் மிக்கது. காத்திருந்த காலம் வீணாகவில்லை. மேலும் 'மேட்ச்' என்னும் சொல்லைப் பெயராக வைத்திருந்த பழைய நிரல்கள் கெடாதவாறு, குறிப்பிட்ட இடத்தில் வரும்போது மட்டும் அது சிறப்புச்சொல்லாகக் கொள்ளப்பட்டது. சி++ குழு வேறு பெயரை நாடியது. பைத்தான் குழுவோ அதே பெயருக்கு இடத்தால் வரம்பிட்டது.

எல்லா வழக்கும் இவ்வளவு அமைதியாக முடிந்ததில்லை. 2018இல், முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := என்னும் குறியைச் சேர்க்க வேண்டும் என்று 572ஆம் எண்ணுள்ள முன்மொழிவு கோரியது. ஒரு தொடரின் நடுவிலேயே மதிப்பைக் கணித்து, அதற்குப் பெயரிட்டு, உடனே பயன்படுத்த அது உதவும். வரிகள் குறையும் என்றனர் ஒரு சாரார். ஒரே வேலைக்கு இரு வழி தோன்றும். படிப்பவர் குழம்புவர் என்றனர் மற்றொரு சாரார். வாதம் கசப்பாக முற்றியது. வான் ரோசம் அதனை ஏற்றுக்கொண்டார். பின்னர் 2018 ஜூலை 12 அன்று, முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து தாம் விலகுவதாக அறிவித்தார். ஏறத்தாழ முப்பதாண்டு வழிநடத்தியவர் ஒரு குறியைப் பற்றிய பூசலுக்குப்பின் விலகியது பலரைத் திகைக்கச் செய்தது. அடுத்த ஆண்டு முதல், தேர்தல் வழியாக அமையும் ஐவர் குழு அப்பொறுப்பை ஏற்றது. அக்குறி 2019 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.8இல் இடம்பெற்றது. அது பயனுள்ளதா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஒருவர் தனியே சுமக்கக்கூடிய பொறுப்பு அதுவன்று என்பதில் இரு கருத்து இல்லை.

தமிழ் எழுத்தில் ஒரு பெயர்

பைத்தானின் அவையில் நிகழ்ந்த வழக்குகளுள் தமிழருக்கு மிக நெருக்கமானது 2007இல் மார்ட்டின் ஃபான் லோவிஸ் எழுதிய 3131ஆம் எண்ணுள்ள முன்மொழிவு. அதுவரை பைத்தானில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் ரோமன் எழுத்தில்தான் பெயரிட இயலும். உலகின் பிற எழுத்துகளிலும் பெயரிட இசைவு வேண்டும் என்பது அம்முன்மொழிவு. பின்வரும் மூன்று வரிகளைக் காண்க:

விலை = 8500
எண்ணிக்கை = 3
மொத்தம் = விலை * எண்ணிக்கை

பைத்தான் 2இல் இவை மூன்றும் பிழை. பைத்தான் 3இல் மூன்றும் முறையான நிரல்.

இசைவு வேண்டியோர் கற்போரை முன்னிறுத்தினர். ஆங்கிலம் அறியாத மாணவர், தம் மொழிச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது பொருள் மயங்கும். தமிழில் இம்மயக்கம் வெளிப்படையானது. ரோமன் எழுத்தில் 'விலை'யும் 'விளை'யும் ஒரே வடிவம் பெறும்; குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் மறையும். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை நிரலாக எழுதுபவர், 'பாவு', 'ஊடை', 'கோர்வை' என்று பெயரிட்டால் நெசவாளரோடு அமர்ந்து அதனைச் சரிபார்க்க இயலும்.

மறுத்தோரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. திறந்த மூல நிரல்கள் எல்லா நாட்டாராலும் படிக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. தமிழில் பெயரிட்ட நிரலை டோக்கியோவில் இருப்பவர் படிப்பது எவ்வாறு? அவர் விசைப்பலகையில் 'ஊ' எங்குள்ளது? ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளைக் கொண்டு தீயநோக்கில் ஏமாற்றவும் கூடும். ரஷ்ய எழுத்துமுறையின் ஓர் எழுத்து ரோமன் எழுத்தைப் போலவே தோன்றும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்கள் கணினிக்கு இரண்டாகும். 'எழுத்துகளைத் திறந்துவிடுதல்' என்பது இரு தரப்பினருக்கும் இருவேறு பொருள் தந்தது.

முடிவு இரண்டையும் கருதி அமைந்தது. மொழியின் இலக்கணம் பிற எழுத்துகளுக்கு இசைவளித்தது. ஆனால் பைத்தானோடு வரும் பொது நூலகத்தில் ரோமன் எழுத்துப் பெயர்களே இருக்க வேண்டும், இயன்றவரை ஆங்கிலச் சொற்களாக இருக்க வேண்டும் என்று தனிவிதி செய்யப்பட்டது. பிற திட்டங்கள் தத்தம் விதியைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். உரிமையை மொழியும் கட்டுப்பாட்டைக் குழுவும் வைத்துக்கொண்டன எனலாம். 'இஃப்', 'ஃபார்' போன்ற சிறப்புச்சொற்கள் ஆங்கிலமாகவே நீடித்தன.

சிறப்புச்சொற்களையும் தமிழாக்க வேண்டுமெனில் புதுமொழியே படைக்க வேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' அத்தகைய முயற்சி. அதில் திரையில் எழுத்தைக் காட்டும் ஆணை 'பதிப்பி'. நிபந்தனையைக் கூறும் முறையோ இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் நிபந்தனைச்சொல் முதலில் வரும். தமிழில் 'மழை பெய்தால்' என்பதுபோல் நிபந்தனை முடிந்தபின்னரே ஆல் ஈறு தோன்றும். எழிலில் நிபந்தனை அடைப்புக்குறிக்குள் முன்னே வர, 'ஆனால்' என்னும் சொல் அதன் பின்னே நிற்கிறது. பின்னால் வரப்போகும் சொல்லைக் கணினி முன்கூட்டி அறிய இயலாது. ஆதலால் நிபந்தனையின் தொடக்கத்தில் @ என்னும் குறி இடப்படுகிறது. தமிழ்த்தொடரின் வரிசையைக் காப்பதற்கு ஒரு குறி விலையாகக் கொடுக்கப்பட்டது. தமிழில் சிந்திக்கும் கற்போருக்கு அவ்விலை மிகையன்று.

தெரிந்து தெளிவோம்

'கொ' என்னும் எழுத்தைக் கணினியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. தோற்றத்தில் வேறுபாடு இல்லை. 3131ஆம் முன்மொழிவின்படி பைத்தான் பெயர்களை ஒருசீராக்கிய பின்னரே ஒப்பிடுவதால், இரண்டும் ஒரே பெயராகக் கொள்ளப்படும். 'கௌ' என்பதன் நிலை வேறு. ஔகாரக் குறியோடு எழுதிய 'கௌரி'யும், கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிய 'கெளரி'யும் கண்ணுக்கு ஒன்றே. ஒருங்குறித் தரத்தில் இவை இணையானவை என்று வரையறுக்கப்படவில்லை. பைத்தான் இவ்விரண்டையும் இருவேறு மாறிகளாகவே கொள்கிறது. ஒன்றில் மதிப்பை வைத்துவிட்டு மற்றொன்றைக் கேட்டால் அப்படியொரு பெயர் இல்லை என்று விடையளிக்கும்.